முதல் வரிசையில் ஒரு மருமகன்

வில்லியம் இடப்பக்கம் சாய்ந்து பார்த்தான்; வலப்பக்கம் சாய்ந்து பார்த்தான்; பெஞ்சின் நுனியில் பாதி உடம்பைத் தொங்கவிட்டும் பார்த்தான். மாடியின் தூண் தன் கடமையில் இம்மியும் பிசகவில்லை. மேடையில் வீணை இருந்த இடத்தைக் கச்சிதமாக மறைத்துக்கொண்டு நின்றது.

ஜார்ஜ் டவுனின் அந்தச் சபா மண்டபத்தில் மாடி பெஞ்சுகள் மாணவர்களுக்கும் காசில்லாதவர்களுக்கும் என்று ஒதுக்கப்பட்டவை. கட்டணம் ஒரு மலேசிய வெள்ளி. மதியச் சோற்றை விட்டுக்கொடுக்காமல் சங்கீதம் கேட்க, 1979இல் ஒரு பல்கலைக்கழக மாணவனுக்குப் பினாங்கில் அதைவிட நல்ல வழி கிடையாது. ஒரு வெள்ளிக்கு இசை காதில் விழும். கண்ணில் விழ வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசை.

வில்லியத்துக்கு அந்தப் பேராசை இருந்தது. பாலிக் புலாவ் மாதா கோவிலில் ஆர்மோனியம் வாசித்து வளர்ந்தவன் அவன். ஒரு கட்டைக்கு ஒரு ஸ்வரம் என்பதே அவன் அறிந்த நியாயம். வீணைத் தண்டிலோ ஒரே பித்தளை மெட்டில் விரலை வைத்துக் கம்பியை இழுத்து மூன்று ஸ்வரங்களை வரவழைக்கிறார்கள். அந்த இடக்கையை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வாசிக்க வந்திருந்த செல்வநாயகி அம்மாளோ மறுநாள் பிற்பகல் விமானம் ஏறிவிடுவார்.

"என்ன தம்பி, கழுத்து சுளுக்கா?" என்றார் பக்கத்தில் இருந்தவர். சாயம் போன பாத்தேக் சட்டை, மடியில் கச்சான் கடலைப் பொட்டலம். ஒவ்வொரு கச்சேரிக்கும் மாடிக்கு வருபவர், பெயர் தெரியாது. ஓய்வுபெற்ற குமாஸ்தாவாக இருக்கும் என்பது வில்லியத்தின் ஊகம்.

"தூண் மறைக்குதுண்ணே. அந்தம்மா கையையே பார்க்க முடியல."

"கீழ முதல் வரிசையில ஒரு நாற்காலி சும்மாத்தானே கெடக்கு. போய் உக்காருலா."

"பேர் ஒட்டியிருக்குண்ணே."

"குலசேகரம்னு ஒட்டியிருக்கும். ஜாதிக்காய்த் தோட்டத்து மொதலாளி. அவர் அங்க வரமாட்டார். கேட்டா மருமகன்னு சொல்லு."

"மாட்டிக்கிட்டா?"

"அவருக்கு எத்தன மருமகன்னு அவருக்கே தெரியாது. போ, அடுத்த பாட்டு ஆரம்பிக்கப் போறாங்க."

வில்லியம் இறங்கிப் போனான். மெத்தை வைத்த நாற்காலி. எதிரே, ஆறடித் தொலைவில் வீணை. செல்வநாயகி அம்மாளின் இடக்கை மெட்டுகளின் மேல் மெல்ல இறங்கிற்று.

அந்தக் கணத்தில் அவனுக்கும் வீணைக்கும் நடுவே ஒரு சந்தனக் கிண்ணம் நீண்டது. கிண்ணத்தின் மறுமுனையில் சபாச் செயலாளர் ஆனந்தராஜா நின்றார். முழங்கால் வாதத்தால் மாடிப்படியை மிதித்துப் பல ஆண்டுகளாகிவிட்டன. ஆனால் தரைமட்டத்தில் அவர் கண்ணுக்குத் தப்பியவர் எவருமில்லை.

"தம்பி ஆர்?"

"குலசேகரம் ஐயாவோட மருமகன்."

"அப்பிடியோ. போன வருசம் வந்தது உங்கட அண்ணரோ? ஐயா காசிக்குப் போயிட்டார் எண்டு அவர்தான் சொன்னவர். கங்கைத் தண்ணி வரும் எண்டு நாங்கள் செம்போட காத்திருந்தனாங்கள்." செயலாளர் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார். "இந்த வருசமும் ஐயா வரேல்லையே. அவரைத் தலைவராக்கி, மேடையில ரெண்டு மணித்தியாலம் பேச வைக்கவேணும் எண்டு எங்களுக்கு எவ்வளவு ஆசை."

பேச்சை முடித்துவைக்கும் நல்லெண்ணத்தோடு வில்லியம் சொன்னான்: "அவருக்கு உடம்பு சரியில்ல."

நோயைப் பற்றிச் சொன்னால் பேச்சு முடியும் என்று நினைப்பவன் நம் மக்களை அறியாதவன். பின்வரிசையிலிருந்து நல்லம்மாள் என்ற அம்மையார் தலையை நீட்டினார்.

"என்ன வருத்தம்?"

"காய்ச்சல்."

"குளிர் காய்ச்சலோ, சன்னியோ?"

"ரெண்டும்."

"கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சவரோ? ஆர் பாக்கினம்? கச்சேரி முடிய நாங்கள் எல்லாரும் ரசத்தோட நேரா வீட்டுக்கு வாறம். கேட்டனியளோ, எல்லாருந்தான்."

வில்லியத்துக்கு வேர்த்தது. "வேணாம்மா. அது தொத்துற காய்ச்சல்."

நல்லம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கை மூடினார். வரிசை முழுவதும் கைக்குட்டைகள் எழுந்தன. இருபுறமும் நாற்காலிகள் நகர்ந்தன. செயலாளரும் எழுந்து போனார். மேடை பளிச்சென்று தெரிந்தது. பொய்க்கும் ஒரு பயன் உண்டு என்று வில்லியம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

செயலாளர் போன இடம் ஒலிவாங்கி என்பதை அவன் கவனிக்கவில்லை.

"சபையோருக்கு ஒரு துயரமான செய்தி," என்று அவர் குரல் மண்டபத்திலும் வாசல் ஒலிபெருக்கியிலும் முழங்கிற்று. "எங்கள் புரவலர் குலசேகரம் அவர்கள் கடுந்தொற்றுக் காய்ச்சலால் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். அவர் பிழைத்தெழ வேண்டி அம்மையார் இப்போது ஒரு பாடல் வாசிப்பார். எல்லோரும் எழுந்து நில்லுங்கள்."

மண்டபம் எழுந்தது. மேடைக்கு முன்னால் வந்து நின்ற மூன்று பெரிய மனிதர்களின் முதுகுகள் மாடித் தூணைவிட அகலமாக இருந்தன. வில்லியமும் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மருமகன் குனியாவிட்டால் யார் குனிவது?

பாடல் முடிந்ததும் நல்லம்மாள் தலைப்புக்குள்ளிருந்தே அழத் தொடங்கினார். அழுகை பக்கத்து அம்மாவுக்கும் தொற்றியது. இனிப் பொறுக்கலாகாது என்று வில்லியம் அவசரமாகச் சொன்னான்: "அழாதீங்கம்மா. நான் கெளம்பும்போதே காய்ச்சல் எறங்கிடுச்சு. எந்திரிச்சு உக்காந்துட்டாரு."

"என்னெண்டு இறங்கினது? ஆருக்கு நேர்ந்தவர்?"

"தண்ணிமல முருகனுக்கு."

"என்ன நேர்ந்தவர்?"

ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாத குடும்பத்துப் பிள்ளைக்கு நேர்த்திக்கடன் வகைகளில் ஒன்றுதான் தெரியும். "காவடி."

செயலாளர் மறுபடியும் ஒலிவாங்கியைப் பிடித்தார். வருகிற தைப்பூசத்தில் குலசேகரம் ஐயா வெறுங்காலோடு மலையேறிக் காவடி எடுப்பார் என்ற அறிவிப்பைக் கேட்டுச் சபை கைதட்டியது. மாடியில் யாருக்கோ பலமாகப் புரையேறியது.

செல்வநாயகி அம்மாள் கண் கலங்கிவிட்டார். "என்ர வீணையால ஒரு உயிர் தேறினது எண்டால் வேற என்ன வேணும். நாளைக்குக் காலமை ஐயா வீட்டுக்கே வந்து வாசிக்கிறன். அந்தப் பிள்ளையை மேடைக்கு வரச் சொல்லுங்கோ."

வில்லியம் மேடை ஏறினான். கழுத்தில் மாலை விழுந்தது. கையில் தேங்காய்த் தட்டு வந்தது. செயலாளர் அவனைச் சபையைப் பார்த்தபடி உட்கார வைத்தார். எஞ்சிய கச்சேரி முழுவதும் வீணைக்கும் அவனுக்கும் இடைவெளி ஒரு முழம்தான். ஆனால் வீணை அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. திரும்பிப் பார்ப்பது மரியாதையில்லை என்று செயலாளர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்.

நேரே எதிரில் மாடி தெரிந்தது. அங்கே பாத்தேக் சட்டைக்காரர், எவருடைய தொந்தரவும் இல்லாமல், கண்களை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

கச்சேரி முடிந்து வாசலுக்கு வந்தபோது மாலை வெயில் இன்னும் இருந்தது. பாத்தேக் சட்டைக்காரர் கச்சான் தோலைச் சட்டையிலிருந்து தட்டிக்கொண்டு நின்றார்.

"எப்படி இருந்துச்சு தம்பி?"

"கையையும் பார்க்கல, பாட்டையும் கேக்கலண்ணே. ஒங்களுக்கு?"

"மேல ரொம்ப நிம்மதியாக் கேட்டுச்சு."

"அந்தக் குலசேகரத்த நெனச்சாத்தான் பாவமா இருக்கு. பாவம், முகந்தெரியாத மனுசன். வெறுங்காலோட மலையேற வெச்சிட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் தம் கால்களையே பார்த்தார். வயதான கால்கள். பிறகு, "போகட்டும்," என்றார். "நாளைக்குக் காலையில வா. அந்தம்மா பக்கத்துலயே உக்காந்து கையப் பாத்துக்க."

"எங்கண்ணே வரணும்?"

பதில் வருவதற்குள் கறுப்புக் கார் ஒன்று வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. வாசல் ஒலிபெருக்கிக்குக் கீழே பிற்பகல் முழுவதும் காத்திருந்த டிரைவர் முகம்மது இறங்கி, பாத்தேக் சட்டைக்காரருக்குப் பின்கதவைத் திறந்துவிட்டு, மாலையும் கழுத்துமாக நின்ற வில்லியத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"பரவால்ல மொதலாளி. போன வருசம் நீங்க மாடியிலேர்ந்து எறக்கிவிட்ட தம்பி ஒங்கள காசிக்கு அனுப்பிட்டாரு. இந்தத் தம்பி தண்ணிமலையோட விட்டுட்டாருலா."