எழுபத்தைந்து டிகிரியில் ஒரு பூஜ்ஜியம்

பேரன்புள்ள மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்திருக்கும், அத்தை உங்களைத் திட்டுவது குறைந்திருக்காது என்று நம்புகிறேன். "போன்ல நீ பேசுற வேகத்துக்கு ஒண்ணும் புரியல, எழுதி அனுப்புடா" என்றீர்கள். எழுதுகிறேன், நடுவில் கண்ணயராமல் படியுங்கள்.

சலவை ஆலையில் முப்பது வருஷம் கொதிகலன் ஓட்டிய நீங்கள், "கொதிக்கிற தண்ணியில எதுடா பொழைக்கும்?" என்று சிரித்தீர்களே, பிழைக்கிறது. எழுபத்தைந்து டிகிரி சூட்டில், அமிலத்தில், சுகமாகப் பெருகுகிறது என் கிருமி. அந்தச் சூட்டில் டி.என்.ஏ.வின் எழுத்துகள் உதிரும், இழை அறுபடும். என் கிருமிக்குள்ளோ பழுதுபார்க்கும் புரதங்கள் ஓடி ஓடி ஒட்டுப்போடுகின்றன. அவற்றின் கண்ணுக்குத் தப்பும் பிழை எத்தனை என்று எண்ணுவதுதான் என் வேலை. ஐந்தாம் தேதி ஆய்வுக் குழு கூடுகிறது. எண்ணைக் காட்டினால் எனக்கு இன்னொரு வருஷம். இல்லையென்றால் என் சூட்டுப்பெட்டி பக்கத்து மேசைக்காரியின் ஈஸ்டுக்குப் போய்விடும்.

பட்ட பாடு கொஞ்சமில்லை மாமா. முதலில் எல்லோரையும் போல அகார் என்ற கடற்பாசிப் பசை ஊற்றிய தட்டில் வளர்த்தேன், அது அந்தச் சூட்டில் கூழாகிப் பெட்டியெல்லாம் வழிந்தது, சரியென்று சூடு தாங்கும் வேறு பசைக்கு மாறினால் தட்டில் ஒட்டிய பெயர்ச்சீட்டெல்லாம் உரிந்து விழுந்து எது எதுவென்றே தெரியாமல் போனது, தட்டின் முதுகில் கீறி எழுதி அதையும் சமாளித்தால் மின்பணியாளர் வந்து கதவைத் தொட்டுப் பார்த்து முப்பத்தேழுக்கு இறக்கிவிட்டார், "பொட்டி கொதிக்குது தம்பி, நல்லவேளை நான் பாத்தேன்" என்று நன்றிக்காக நின்றுகொண்டே இருந்தார், உள்ளே என் கிருமிகள் குளிரில் விறைத்துக் கிடந்தன.

நாலாவது முறைதான் வெற்றி. தட்டில் ஒரு நஞ்சைக் கலந்தேன். குறிப்பிட்ட ஒரு மரபணுவில் பிழை விழுந்த கிருமி மட்டுமே அதைத் தாங்கிப் புள்ளியாக வளரும். இருபத்து நான்கு தட்டு, எட்டு நாள். ஒரு புள்ளிகூட இல்லை! பிழையே செய்யாத உயிர்! நெறியாளர் அம்மா தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பூஜ்ஜியத்தைப் பாத்தா எனக்குச் சந்தோஷம் வராதுப்பா, பயம்தான் வரும்."

"உங்களுக்கு வயசாயிடுச்சு மேடம்" என்றேன். உண்மையைச் சொன்னால் ஏன் முறைக்கிறார்களோ!

சொந்தபந்தம் ஒருவர் விடாமல் சொல்லுங்கள் மாமா. வெந்நீர் காய்ச்சுகிறவன் என்று கேலி செய்தவர்களுக்கு இரண்டு முறை சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு அன்பு, முழங்காலுக்கு அனுதாபம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்

பி.கு. (பதினொரு நாள் கழித்து): யாரிடமும் மூச்சுவிடாதீர்கள். அன்று உறையை ஒட்டும் நேரத்தில் பக்கத்து மேசைக்காரி என் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, "இத இன்னும் பிரிக்கவே இல்லையா?" என்றாள். யுராசில். பிழை விழுந்து நஞ்சைத் தாங்கும் கிருமிக்கு அந்தச் சத்தைத் தானே தயாரிக்க வராது. தட்டில் நாம்தான் போட வேண்டும். நான் போடவில்லை.

"பொறந்த புள்ளைங்கள பட்டினி போட்டுக் கொன்னுட்டு, புள்ளையே பொறக்கலன்னு ஊரெல்லாம் சொல்லப் போறியா? நீயெல்லாம் மனுஷனா?" என்றாள்.

யுராசிலையும் கலந்து மறுபடி வளர்த்தேன். எல்லாத் தட்டும் சேர்த்து நாற்பத்தொரு புள்ளி. கணக்கிட்டால், என் கிருமி செய்யும் பிழை, இதமான சூட்டில் சொகுசாக வாழும் கிருமிகளைவிட அதிகமில்லை. அத்தனை சூட்டிலும் மாமா! பூஜ்ஜியத்தைவிட எனக்கு இதுதான் பெருமை.

இன்று குழுவின் முன் பழைய கணக்கையும் புதிய கணக்கையும் வைத்தேன். தலைவர் கேட்டார்: "பூஜ்ஜியம்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"தப்பைக் கண்டுபிடிச்சது?"

"அதுவும் நான்தான்."

பின்வரிசையில் பக்கத்து மேசைக்காரி இருமினாள். சளி இருமல் இல்லை.

"அவங்க கண்டுபிடிச்சாங்க. நான் எண்ணினேன்" என்றேன்.

தலைவர் சிரித்துவிட்டு, இருவர் பெயரையும் எழுதி, இன்னொரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.