பூனை இருந்தது, சுவர் இல்லை

வரைபடத்தைத் தலைகீழாகப் பிடிக்காமல் இருந்தால் போதும், நாலு பேர் நம்மை நிபுணன் என்று நம்பிவிடுவார்கள். பிஜித் தீவின் நவுவாவில் நான் அப்படித்தான் நிபுணன் ஆனேன்.

எங்கள் ஊர்த் தமிழர் சங்கம் மூங்கிலும் கூரையுமாக ஒரு பள்ளிக்கூடம் கட்டத் தீர்மானித்தது. உள்ளே எப்படி இருக்க வேண்டும் என்று தலைநகர் சுவாவிலிருந்து ஒருவர் வரைந்து அனுப்பினார். விட்டம், பெஞ்சு, தொங்கும் விளக்கு, மூலையில் தண்ணீர்ப் பானை, பெஞ்சுக்கடியில் ஒரு பூனைகூட இருந்தது. "இதெல்லாம் எனக்கு அத்துப்படி" என்று முன்னால் போய் நின்றேன். (தச்சுப் பட்டறையில் மரத்தூள் கூட்டிய அனுபவம்!) உண்மையில் எனக்கு வேண்டியது ராஜம்மா. அவளைப் பெண் கேட்டபோது அவள் அப்பா முனுசாமி மாமா, "பையன் உருப்படியா ஒண்ணு செஞ்சு காட்டட்டும்" என்று சொல்லியிருந்தார்.

மூன்று பக்கம் சுவர் எழும்பியது. அண்ணன் வந்து பார்த்தான்.

"ஏண்டா, முன்பக்கத்துச் சுவரு எங்க?"

"படத்துல இருக்கா?"

"இல்ல."

"அப்போ கட்டக்கூடாது. கூத்து பாத்ததில்ல நீ? முன்னாடி தொறந்துதான இருக்கும்?"

அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். நெல் அறுப்பில் இருந்த மாமா திறப்பு விழாவுக்குத்தான் வந்தார். முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். நவுவா மழையும் வந்தது, நேராக முன்பக்கம் வழியாக. படத்தில் உள்ளபடி நான் பெஞ்சுக்கடியில் கட்டி வைத்திருந்த பூனை, கயிற்றை அறுத்துக்கொண்டு மாமாவின் மடியில் பாய்ந்து நகத்தைப் பதித்தது.

"அரே! உள்ள தெரியணும்னு அந்தச் சுவத்த விட்டுட்டு வரஞ்சிருக்காண்டா!" என்று மாமா அலறினார்.

எனக்கும் கோபம் வந்தது. "பூனைய வரைய நேரம் இருந்திச்சு, ஒரு சுவரு வரைய நேரமில்லையா மாமா?"

தொப்பலாக நனைந்திருந்த ராஜம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிட்டாளாம்: "இந்த வாய்க்கு வேற எவளும் வர மாட்டா. நானே கட்டிக்கிறேன்." நாலாவது சுவரை எழுப்பிய பிறகுதான் தாலி என்றார் மாமா. முணுமுணுத்துக்கொண்டே எழுப்பினேன்.

எங்கள் வீட்டுக்கு ராஜம்மாவே படம் போட்டாள். நாலு கோடு, பூனை கிடையாது. வீட்டில் இந்தி பேசும் எங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழில் நாலு வார்த்தைதான் தெரியும். அதில் இரண்டு, "சுவரு எங்க?" மழை வந்தால் போதும், என்னைப் பார்த்துக் கத்துவார்கள்.

கத்தட்டும். அந்தப் பள்ளிக்கூடப் படம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அதில் நாலாவது சுவரை யாராவது காட்டட்டும், அப்போது ஒப்புக்கொள்கிறேன்.