குழல்வாய்மொழிக்கு ஒரு பரிசுப் பயணம்

"எந்தக் கார்டு வேணும்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிரணும் சார். இல்லேன்னா ரெண்டு கார்டும் கிடையாது," என்றார் பேங்க் மேனேஜர் வெங்கடேஸ்வரன்.

கணபதிசுப்பிரமணியன் கைக்கொரு விளம்பரத் தாளாக வைத்துக்கொண்டு, பெண் பார்க்கப் போன வீட்டில் அக்காவையும் தங்கையையும் சேர்த்துப் பார்த்துவிட்டவர் போல விழித்தார்.

விஷயம் இதுதான். தென்காசியில் தென்பொதிகை பேங்க் என்று ஒன்று இருந்தது. எண்பத்தாறாம் வருஷம் அதைப் பம்பாயிலிருந்த ஒரு பெரிய பேங்க் தன்னோடு சேர்த்துக்கொள்வதாக முடிவாயிற்று. அணையப் போகிற விளக்கு சுடர்விட்டு எரியும் என்பார்களே, அதேபோல் கடைசி நேரத்தில் தென்பொதிகை பேங்க் 'யாத்ரா கார்டு' என்று ஒரு கிரெடிட் கார்டை வெளியிட்டது. பெரிய பேங்கிடம் ஏற்கெனவே 'ககன் கார்டு' என்று ஒன்று உண்டு. இரண்டிலும் செலவு செய்யச் செய்ய நட்சத்திரம் சேரும். போதுமான நட்சத்திரம் சேர்ந்துவிட்டால் கணவன் மனைவி இருவருக்கும் டெல்லிக்குப் பரிசுப் பயணம். யாத்ராவில் ரயில், ககனில் விமானம்.

"ரெண்டு பேங்கும் சேந்த பெறகு எந்தக் கார்டு சார் நிலைக்கும்?"

"ரெண்டும் நிலைக்கும்னுதான் சொல்லுதாங்க."

"யாரு சொல்லுதா?"

"அதைத்தான் சார் சொல்ல மாட்டேங்காங்க."

கணபதிசுப்பிரமணியன் மின்வாரிய அலுவலகத்தில் கணக்கு மேற்பார்வையாளர். கல்யாணமான புதிதில் மனைவி குழல்வாய்மொழியிடம், "உன்னைய டெல்லிக்குக் கூட்டிட்டுப் போயி தாஜ்மகாலைக் காட்டுதேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். தாஜ்மகால் டெல்லியில் இல்லை என்பது அப்போது இருவருக்குமே தெரியாது. பிறகு தெரிந்தது. ஆனாலும் வாக்கு வாக்குதானே.

அந்த வாக்கைக் கெடுத்தது குற்றாலத்துச் சாரல். தென்காசியில் சொந்த வீடு வைத்திருப்பவனுக்கு ஆனி மாதம் பிறந்தாலே ஆபத்துதான். அருவியில் தண்ணீர் விழுகிறது என்று பேப்பரில் வந்த மறுநாளே ஊரிலுள்ள உறவெல்லாம் பெட்டியோடு வந்து இறங்கிவிடும். குளியல் குற்றாலத்தில், சோறு தென்காசியில். ஒவ்வொரு வருஷமும் டெல்லிக்கென்று அவர் ஒதுக்கி வைத்தது அரிசியாகவும் உளுந்தாகவும் மாறி, ஈரத் துண்டோடு வந்தவர்களின் வயிற்றுக்குள் போய்விடும்.

குழல்வாய்மொழி என்பது குற்றாலத்து அம்மனின் பெயர். பெயரில்தான் குற்றாலம், ஆள் என்னவோ அடுக்களையில். சீசன் முழுவதும் இட்லிக் கொப்பரைக்கு முன்னால் நிற்பாள். இந்த வருஷம் அருவி எப்படி விழுகிறது என்பது, குளித்துவிட்டு வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னால்தான் அவளுக்குத் தெரியும். அதை நினைக்கும்போதெல்லாம் கணபதிசுப்பிரமணியனுக்கு மனசை அறுத்தது. எப்படியாவது ஒரு தடவை அவளை அந்த அடுக்களையிலிருந்து கண்காணாத தூரத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும். அவர் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து இரண்டு தாள்களையும் அவள் முன்னால் விரித்தார்.

"ககனையே எடுத்துருவோம். ஏரோப்ளேன்லா!"

அவள் கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள். "நல்லதுதான். இந்தக் கார்டுகளை எங்கன வாங்கிக்கிடுதாங்க?"

கணபதிசுப்பிரமணியன் தாள்களைத் திருப்பிப் பார்த்தார். இந்தக் கேள்வி அவருக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் கடைவீதியில் விசாரித்தார். ஜவுளிக்கடை மசூது பாய் விளம்பரத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கார்டைக் காட்டினா நான் துணி குடுக்கணுமா அண்ணாச்சி? பணம்?"

"அதை பேங்க் குடுக்கும் பாய்."

"அந்த பேங்கே இன்னொரு பேங்க்ல போயி ஐக்கியமாகப் போகுதாம். நான் யாரைத் தேடிப் பம்பாய்க்குப் போவேன்?"

பலசரக்குக் கடையிலும் இதே பதில், கொஞ்சம் மரியாதைக் குறைவாக. ககன் கார்டை வாங்கிக்கொள்ளும் கடை மதுரைக்குப் போனால்தான் உண்டு. யாத்ரா கார்டை வாங்கிக்கொள்ளும் கடையை இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"அவ்வளவுதான். நம்ம தலையெழுத்து," என்று நாற்காலியில் சாய்ந்தார்.

"அதுக்குள்ள சடைஞ்சா எப்படி? நான் புதன்கிழமை குத்தாலநாதர் கோயிலுக்குப் போயி அம்மனுக்கு ஒரு விளக்குப் போட்டுட்டு வாரேன்," என்றாள் குழல்வாய்மொழி.

போனாள், வந்தாள். வியாழக்கிழமை காலையில் வெங்கடேஸ்வரன் அலுவலகத்துக்கே போன் செய்தார்.

"சார், யாத்ராவுக்கு ஒரு இடம் சிக்கிட்டு! குத்தாலத்துல முத்துவிலாஸ் லாட்ஜ். கார்டு தேய்க்கிற மிஷினைக் கொண்டுபோய் வச்சாச்சு. கீழேயே சைவ மெஸ் இருக்கு, அங்கன சாப்பிட்டாலும் நட்சத்திரம் உண்டு."

கணபதிசுப்பிரமணியன் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். "உன் விளக்கு பலிச்சுட்டுட்டி!"

அம்மன் கண்ணைத் திறந்துவிட்டாள், சரி. ஆனால் தென்காசியில் வீட்டை வைத்துக்கொண்டு, கூப்பிடு தூரத்திலுள்ள குற்றாலத்தில் ரூம் போடுகிறவன் உண்டா? நட்சத்திரம் வேண்டுமென்றால் வேறு வழியில்லை. டெல்லிக்குப் போகக் குற்றாலத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். யாத்ரா கார்டுக்கே கையெழுத்துப் போட்டார்.

"உனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். அடுக்களை கிடையாது, மெஸ் சாப்பாடு, பொழுது போகாது. இந்த ஒரு சீசன் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துரு," என்றார்.

"என்ன செய்ய? உங்களுக்காகப் பொறுத்துக்கிடுதேன்," என்றாள் அவள், பெட்டியில் புடவைகளை அடுக்கிக்கொண்டே.

சனிக்கிழமை பெட்டியோடு பஸ் ஏறியபோது உடன் வேலை பார்க்கும் பிச்சைமணி பார்த்துவிட்டார். பிச்சைமணி ஒரு செய்தியைக் கேட்டால் அதை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார். கணபதிசுப்பிரமணியன் லாட்ஜிலிருந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்தபோது, அவர் வீட்டை விற்றுவிட்டதாக ஆபீஸ் முழுக்கப் பேச்சு.

"விக்கவெல்லாம் இல்லவே. வைத்தியம்! அருவித் தண்ணி உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு," என்று சமாளித்தார். கார்டு, நட்சத்திரம் என்று சொன்னால் கண் பட்டுவிடுமே!

சாயங்காலத்துக்குள் வைத்தியம் பெரிய வியாதியாக வளர்ந்தது. இரண்டு நாளில் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக லாட்ஜ் வாசலில் ஆட்கள் வந்தார்கள். செய்தி கோவில்பட்டி வரை போய், அவருடைய அண்ணாச்சி விஸ்வேஸ்வரன் குடும்பத்தோடு வேன் பிடித்து வந்துவிட்டார்.

"ஏலே, உயிரோட இருக்கியா!" என்று கட்டிக்கொண்டு அழுதார்.

பூட்டிக் கிடந்த தென்காசி வீட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்களை மறுபடி அங்கே கூட்டிப் போய்ச் சமைத்துப் போடவா முடியும்? அவர்களுக்கும் முத்துவிலாஸிலேயே இரண்டு அறை போட்டார். மெஸ்ஸில் எல்லோரும் உட்கார்ந்து நெய்த்தோசையாகத் தின்று தீர்த்தார்கள். கணபதிசுப்பிரமணியன் வயிறு எரிய கார்டை நீட்டினார். மேஜையிலிருந்த இயந்திரத்தில் கார்டை வைத்து, மேலே கார்பன் தாளைப் போட்டு, கைப்பிடியைச் சரக்கென்று இழுத்தார்கள்.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. விஸ்வேஸ்வரன் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்துத் தம்பி கையில் திணித்தார்.

"வேண்டாம் அண்ணாச்சி..."

"வச்சுக்கலே. லாட்ஜுன்னு வந்த பெறகு ஒன்னையச் செலவழிக்க விட்டா நல்லாவா இருக்கும்?"

வீட்டில் தங்கிய காலத்தில் ஒருத்தருக்கும் வராத வெட்கம் லாட்ஜில் வந்துவிட்டது. காசு கைக்கு வந்துவிட்டது, நட்சத்திரமும் கார்டில் ஏறிவிட்டது. அன்று ராத்திரி அவர் தூங்கவில்லை. காலையில் எழுந்ததும் கட்டாகப் போஸ்ட் கார்டு வாங்கி, வந்த உறவு, வராத உறவு, பேச்சுவார்த்தை நின்று போன உறவு எல்லோருக்கும், 'சாரல் அருமை, உடனே வரவும்' என்று எழுதிப் போட்டார்.

வந்தார்கள். கீழப்பாவூர்ச் சித்தப்பா வந்தார், வடகரைப் பெரியம்மா மூன்று மகள்களோடு வந்தார். முத்துவிலாஸ் நிரம்பி வழிந்தது. தினமும் இயந்திரம் சரக் சரக்கென்று ஓடியது. கடைசியில் தனக்கே இடமில்லாமல் கணபதிசுப்பிரமணியன் வராந்தாவில் சமுக்காளம் விரித்துப் படுத்தார். சாரல் மூஞ்சியில் அடித்தது, ஜலதோஷம் பிடித்தது, ஹார்லிக்ஸ் பாட்டில்களுக்கு ஒருவழியாக வேலை வந்தது.

குழல்வாய்மொழிதான் பாவம் என்று நினைத்துக்கொண்டார். காலையில் ஐந்தருவி, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் மெயினருவி, நடுவில் பலாச்சுளை என்று எப்படியோ பொழுதைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் கன்னத்தில்கூடச் சதை போட்டிருந்தது. கவலையில் சிலருக்கு அப்படித்தான் ஊதும் என்று எண்ணி வருந்தினார்.

ஆவணியில் பேங்கின் பெயர்ப் பலகை மாறியது. எழுத்தெல்லாம் பெரிதாகிவிட்டது, வாசல் மட்டும் அதே அளவு. வெங்கடேஸ்வரன் போன் செய்து, "உங்க நட்சத்திரம் நிறைஞ்சிட்டு சார். பரிசை இனிமே பம்பாய்லதான் முடிவு பண்ணுவாங்க," என்றார். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அவரே லாட்ஜுக்கு நேரில் வந்தார். கையில் பட்டு நாடா கட்டிய உறை இருந்தது.

"வாழ்த்துகள் சார். பழைய ரயில் பரிசு, ஏரோப்ளேன் பரிசு எல்லாத்தையும் ரத்து பண்ணிட்டாங்க. ரெண்டு கார்டுக்கும் சேத்து ஒரே பரிசு. நீங்கதான் முதல் ஆளு!"

"டெல்லிதானே?"

வெங்கடேஸ்வரன் செருமினார். "தென்னிந்தியாவுலயே நம்ம கார்டை அதிகமாத் தேய்ச்ச இடம் எதுன்னு பம்பாய்ல கணக்குப் பாத்திருக்காங்க. ஜனங்க இப்பிடி விழுந்தடிச்சுப் போற இடம்னா அது பிரமாதமான இடமாத்தான் இருக்கும்னு முடிவு பண்ணிட்டாங்க."

"எந்த இடம்?"

"குத்தாலம் சார். முத்துவிலாஸ் லாட்ஜ். ரெண்டு பேருக்கு ஒரு வாரம், சாப்பாட்டோட. போக்குவரத்துச் செலவும் குடுப்பாங்க. உங்களுக்கு... தென்காசியிலேருந்து பஸ் டிக்கெட்."

கணபதிசுப்பிரமணியனுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. தன் கையாலேயே சரக் சரக்கென்று இழுத்து, டெல்லியைக் குற்றாலமாக்கியிருக்கிறார்! உறையை எடுத்துக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டபடி மனைவியிடம் போனார். அவள் அப்போதுதான் அருவியிலிருந்து வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

"குழலி, என்னைய மன்னிச்சிரு. ஒன்னைய எங்கயுமே கூட்டிட்டுப் போக முடியலை," என்று எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் உறையை வாங்கிப் பார்த்தாள். சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீரும் வந்தது.

"இன்னும் ஒரு வாரமா? நெசமாவா சொல்லுதீக? எனக்கு இது போதுங்க. டெல்லி அங்கனயேதான இருக்கும், எங்க போயிரப் போவுது?"

இப்படி ஒரு பொண்டாட்டி வாய்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தபோது அவருக்கு நெஞ்சு நிறைந்தது. ஏமாற்றத்தைக்கூட எவ்வளவு பெருந்தன்மையாக எடுத்துக்கொள்கிறாள்!

மறுநாள், பரிசு வாரத்தின் முதல் காலை. லாட்ஜ் வாசலில் எண்ணெய் தேய்த்துவிடும் கடற்கரை என்பவர், அவரைப் பலகையில் உட்கார வைத்து உச்சந்தலையில் நல்லெண்ணெயை ஊற்றித் தட்டினார். அந்தச் சுகத்தில் கணபதிசுப்பிரமணியன் மனசு விட்டுப் பேசினார்.

"எல்லாம் விதி கடற்கரை. இத்தனை பெரிய ஜில்லாவுல ஒருத்தனும் வாங்காத கார்டை இந்த ஒரு லாட்ஜ்காரன் மட்டும் ஏன் வாங்கணும்? அதுனாலதானே இவ்வளவும்!"

கடற்கரை தட்டுவதை நிறுத்தவில்லை.

"அது தெரியாதா அண்ணாச்சி? மொதலாளி வீட்டம்மா சங்கரம்மா அக்காவும் உங்க வீட்டம்மாவும் ஒண்ணாப் படிச்சவுகல்லா! ஆனி மாசம் ஒரு புதன்கிழமை கோயிலுக்கு வந்தவுக நேரா இங்கன வந்து, 'மொதல்ல அந்த மிஷினை வாங்கி வையி சங்கரி, மிச்சத்தை எங்க வீட்டுக்காரரு பாத்துக்கிடுவாரு'ன்னு சொல்லிட்டுப் போனாக, நான் இந்தப் பலகையிலதான் உக்காந்திருந்தேன்!"