நீத்துப்பெட்டியுடன் கப்பலேறியவர்

வன்னியில் நெல்லுக்கு அடுத்தபடியாக இப்போது நன்றாக விளைவது 'அக்கரை போய் வந்தவர்' என்ற இனம். உங்களுக்கு இவரைத் தெரியாமல் இருக்க முடியாது. காலபோகப் பயிரை வெட்டி, சூடு மிதித்து, நெல் வீடு வந்து சேர்ந்ததும், பரந்தனில் ரயிலேறி, மதவாச்சியில் மாறி, தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி மறுபடி ரயில் பிடித்து, சென்னைப் பட்டணத்தைச் சுற்றிவிட்டு வருவார். வந்த பின் அவருக்கு ஊரில் ஒன்றும் பிடிக்காது. அதில் புதுமையில்லை. அங்கே இருந்தபோது அங்கேயும் ஒன்றும் பிடிக்கவில்லை என்பதுதான் விசேஷம்.

நம்ப மாட்டீர்களா? தர்மபுரம் குடியேற்றத் திட்டத்தில் வயல் செய்யும் அப்புத்துரையரை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் அவர் மனைவி நாகேஸ்வரிக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. கோயிலுமல்ல, பட்டுச்சேலையுமல்ல. கலியாணம் முடித்த நாள்முதல் அவள் பிறர் சமைத்துச் சாப்பிட்டது விசேஷ வீடுகளில் மட்டும். அங்கும் அகப்பையைத் தூக்கிக்கொண்டு உதவிக்குப் போய்விடுவாள். ஒரேயொரு தடவை, மின்விசிறிக்குக் கீழே கதிரையில் சாய்ந்திருந்து, யாரோ கொண்டுவந்து வைக்க, சஞ்சிகைக் கதைகளில் மட்டும் வாசித்திருந்த மசாலாத் தோசையை அவள் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

அப்புத்துரையர் என்ன செய்தார்? ஒரு தகரம் நிறைய வறுத்த அரிசி மா, ஒரு போத்தல் மிளகாய்த்தூள், புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி, அதற்குப் பொருந்தும் பானை, எல்லாவற்றையும் அவளைக்கொண்டே கட்டுவித்தார். சுங்க அதிகாரி அந்தப் பனையோலைப் பெட்டியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, இது தொப்பியா என்று கேட்டாராம்.

பட்டணத்தில் அவர் கால்படாத தெரு இல்லை. கடற்கரைக்குப் போனால் முல்லைத்தீவுக் கடல் இதைவிடச் சுத்தம் என்றார். உயர்ந்த கோபுரத்தைக் கண்டால் இரணைமடு அணைக்கட்டு இதைவிட நீளம் என்றார். கோபுரத்துக்கும் அணைக்கட்டுக்கும் என்ன சம்பந்தம்? அதையெல்லாம் கேட்கக் கூடாது. சாப்பாட்டு நேரமானால் ஒவ்வொரு ஹோட்டல் வாசலிலும் நின்று எட்டிப் பார்ப்பார். இங்கே புளி கூடிவிட்டது, அங்கே சோறு வெளிறிவிட்டது, அடுத்த கடையில் சாம்பாருக்குள் சீனி போடுகிறார்களாம். பிறகு மனைவியைத் திரும்பிப் பார்ப்பார்.

"நாகேசு, உன்ர புட்டுக்குக் கிட்ட நிக்குமே இதெல்லாம்?"

புகழ்ச்சி என்று நினைத்துத்தான் சொன்னார், பாவி மனிதர். விடுதிக்காரரைக் கெஞ்சி, பின்பக்கக் குசினியில் அவளுக்கு ஓர் அடுப்பும் வாங்கிக் கொடுத்தார். பட்டணம் பார்க்க வந்தவள் பட்டணத்துப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு புட்டு அவித்தாள். அந்த இடத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசி நாள் மத்தியானம், சம்பலுக்குத் தேங்காய் வாங்கி வரும்படி அவளை அனுப்பிவிட்டு இவர் சற்றே சாய்ந்தார். சாய்ந்ததும் குறட்டை. நாகேஸ்வரி தெருவில் இறங்கினாள். தேங்காய்க் கடையைக் கடந்தாள். எதிர்ப்பக்கத்து ஹோட்டலுக்குள் நுழைந்து, நல்ல மின்விசிறியாகப் பார்த்து அதன் கீழே உட்கார்ந்தாள். மசாலாத் தோசை வந்தது. இன்னொன்றும் வந்தது. அதன்பின் ஒரு காப்பி. ஆறுதலாகத் திரும்பி வந்து, எங்கு தேடியும் தேங்காய் கிடைக்கவில்லை என்றாள். அப்புத்துரையருக்குக் கோபமா வந்தது? பரம சந்தோஷம். புறப்படும் நேரத்தில் பட்டணத்தின் இன்னொரு குறையும் கைக்குக் கிடைத்துவிட்டதல்லவா!

தலைமன்னாரில் கால் வைத்ததும் அவருடைய நாக்கு மறுபக்கம் புரண்டுவிட்டது. இங்கத்தைய தேத்தண்ணி கழுநீர். பரந்தன் சந்தி ஒரு சந்தியா? வவுனியா ஒரு பட்டணமா? "மெட்ராசிலை எண்டால்" என்று தொடங்காமல் அவருக்குக் கதை வராது. ஒருநாள் மாலை அவர் வீட்டு முற்றத்தில் அயலவர்கள் கூடியிருந்தபோது, முல்லைத்தீவிலிருந்து கருவாடு கொண்டுவரும் இன்னாசித்தம்பி, மசாலாத் தோசை எப்படியிருக்கும் என்று கேட்டுவிட்டார். தெரியாது என்று சொல்லும் இனமா இது?

"அது வந்து தம்பி, தோசைக்கு மேலை மிளகாய்த்தூளை நல்லாத் தூவி விடுவாங்கள். நான் நாலைஞ்சு சாப்பிட்டிருப்பன்."

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற நாகேஸ்வரி வாயைத் திறந்தாள்.

"தூள் இல்லை. உள்ளுக்கை உருளைக்கிழங்கை மசிச்சு வைப்பினம். தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி."

"உனக்கு ஆர் சொன்னது?" என்றார் அப்புத்துரையர்.

"ஒருதரும் சொல்லேல்லை. நீங்கள் நித்திரை கொள்ளேக்கை போய்ச் சாப்பிட்டனான். நல்லாயிருந்துது."

இன்னாசித்தம்பிதான் முதலில் அசைந்தார். தன் கதிரையைத் தூக்கி, நாகேஸ்வரியின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அக்கா, முதலிலை இருந்து சொல்லுங்கோ."

மற்றக் கதிரைகளும் ஒவ்வொன்றாகத் திரும்பின. அன்று தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனவர் அப்புத்துரையர். சீனி எந்தப் பேணியில் இருக்கிறது என்று உள்ளேயிருந்து இரண்டு தரம் கேட்டார். கதை சுவாரசியத்தில் யாருக்கும் காது கேட்கவில்லை.

'எங்கள் அயல்வீட்டுக்காரர் அச்சொட்டாக இவரேதான்' என்று தொடையில் தட்டிச் சிரிக்கும் ஐயாவே, மெத்தச் சந்தோஷம். ஒரு காரியம் செய்யுங்கள். இதை உங்கள் வீட்டில் ஒருமுறை உரத்து வாசியுங்கள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டால் பயமில்லை. ஒரு சத்தமும் வராவிட்டால், அடுத்த பயணத்தில் மத்தியானம் கண்ணயர்ந்துவிடாதீர்கள்.