நாற்பத்தொரு பேர் இருபதுக்கு இருபது

நாற்பத்திரண்டு பேரில் நாற்பத்தொரு பேர் இருபதுக்கு இருபது. கணக்கு வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு செல்போனை மறுபடி பார்த்தார். துடைத்த பிறகும் இருபதுக்கு இருபதுதான்.

"திருட்டுப் பசங்க!" என்று கத்தினார்.

சமையலறையிலிருந்து மனைவி ஓடி வந்தாள். "என்னங்க, எதைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க?"

"மார்க்கைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. மொத்தமா!"

"பிள்ளைங்க நல்லாப் படிச்சிருக்கலாம் இல்லையா?"

"என்கிட்டயா? இருபத்தாறு வருஷத்துல என்கிட்ட ஒருத்தன் முழு மார்க் வாங்கினதுண்டா? வாங்கத்தான் விட்டிருக்கேனா?"

அதில் பொய்யில்லை. சமக்குறிக்கு நேர் கீழே அடுத்த சமக்குறி வராவிட்டால் அவரிடம் அரை மார்க் போகும். ஸ்கேல் வைக்காமல் கோடு போட்டால் இன்னொரு அரை. எல்லாம் சரியாக இருந்து தொலைத்தால் 'கையெழுத்து' என்று எழுதி ஒரு அரையைப் பிடுங்கிக்கொள்வார். இது போதாதென்று கேள்வியிலேயே குழி வெட்டி வைப்பார். தேவையே இல்லாத ஓர் எண்ணைக் கணக்குக்குள் போட்டுவிட்டு, எந்தப் பிள்ளை அதை எடுத்துப் பெருக்குகிறது என்று காத்திருப்பார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'சிவப்பு மை'. அது அவருக்கும் தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்பேர்ப்பட்டவரை இந்தக் கதிக்கு ஆளாக்கியது தலைமையாசிரியை அம்மா போட்ட ஒரு உத்தரவு. இனி வாரத் தேர்வெல்லாம் ஆன்லைனில்தான்.

"பழகிக்க முடியாதவங்க இப்பவே சொல்லிடுங்க. பத்தாம் வகுப்பை வேற யாருக்காவது மாத்திடலாம்" என்று கூட்டத்தில் சொன்னார். பொதுவாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது அந்த அம்மாவின் கண் எங்கே இருந்தது என்று கணக்கு வாத்தியாருக்குத் தெரியாதா?

பத்தாம் வகுப்பு அவருக்கு உயிர். அதைப் பிடுங்கினால் ஆறாம் வகுப்புதான் கிடைக்கும். ஓய்வு பெறுகிற வயதில், ஒரு வட்டத்தை நாலாக வெட்டி ஒரு பங்குக்கு வண்ணம் தீட்டச் சொல்லிக்கொண்டு நிற்பதா?

அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் மிஸ்ஸிடம் போய் உட்கார்ந்தார். அவருடைய மகள் வயதுதான் இருக்கும் அந்த மிஸ்ஸுக்கு.

"இங்க கேள்வி சார். இங்க நாலு விடை. எது சரியோ அதைத் தொட்டு வச்சுடுங்க. அப்புறம் அதுவே திருத்திடும்."

"அதுவே திருத்திடுமா? அப்ப நான் எதுக்கு?"

"நீங்க ரெஸ்ட் எடுக்கலாம் சார்."

அந்த வார்த்தையை அவர் மறக்கவில்லை.

"முடிச்சதும் ஒரு தடவை எனக்குக் காட்டுங்க சார். சரியா வந்திருக்கான்னு பாத்துத் தர்றேன்."

"கேள்வித்தாளையா?" அவர் எழுந்தே விட்டார். "என் கேள்வித்தாளை அச்சடிச்சுக் குடுக்கிறவன்கூட தலைகீழா வச்சுத்தாம்மா அச்சடிப்பான். கட்டின பொண்டாட்டிக்குக் காட்டினதில்லை. உனக்குக் காட்டணுமா?"

செல்போனில் அதுவரை அவருக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. குடும்பக் குழுவில் யார் எதைப் போட்டாலும் ஒரு பச்சை டிக் போடுவார். மைத்துனர் காலை வணக்கம் சொன்னால் டிக். சித்தப்பா மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த செய்திக்கு டிக். அக்காவுக்குப் பேரன் பிறந்த படத்துக்கும் டிக். "பொறந்த பிள்ளையைக்கூடத் திருத்துவானா இவன்?" என்று அக்கா மூன்று நாள் பேசவில்லை.

அப்படிப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை மதியம் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, இருபது கேள்விகளையும் எண்பது விடைகளையும் ஒற்றை விரலால் தட்டி, சரியான விடைகளை மிஸ் சொன்னபடி தொட்டு, தன் வழக்கப்படி குறித்து, வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார். எவனும் பத்தைத் தாண்ட மாட்டான் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் காபியே குடித்தார். திங்கட்கிழமை பிள்ளைகள் வீட்டிலிருந்தே தேர்வை எழுதினார்கள். அந்தக் காபி இப்போது நெஞ்சில் எரிந்தது.

மறுநாள் வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். அது வழக்கம்தான். சிரித்துக்கொண்டே நின்றார்களே, அதுதான் புதுசு.

வகுப்புத் தலைவன் கையைக் கட்டிக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றான்.

"எதுக்குடா தேங்க்ஸ்?"

"நேத்து பரீட்சைக்கு சார். எங்க அம்மா அழுதுட்டாங்க சார், சந்தோஷத்துல."

கொழுப்பைப் பாருங்கள். திருடியதுமில்லாமல் திருட்டுக் கொடுத்தவனுக்கே நன்றி சொல்கிறான்!

"யாரைடா பாத்து எழுதினே?"

தலைவன் திருதிருவென்று விழித்தான். "யாரையும் பாக்கலை சார். நீங்க சொல்லிக் குடுத்ததைத்தான் சார் போட்டோம். சார், அது வந்து, அந்த விடைக்குப் பக்கத்துல..."

"வாயை மூடு! பக்கத்துல இருந்தவன் போன்ல பாத்தேன்னு சொல்லப் போறே. அதானே? உக்காரு!"

அவன் உட்கார்ந்தான்.

நாற்பத்திரண்டில் மிச்சமிருந்தது ஒரே ஒருத்தி. கடைசி பெஞ்ச்சில் ஜன்னலோரம் உட்காருகிற பெண். வாய் ஓயாமல் கொட்டாவி விடுவதால் வகுப்பில் அவள் பெயரே கொட்டாவி. அவள் வாங்கியிருந்தது பூஜ்யம்.

அன்று வாத்தியார் அவளைத் திட்டவில்லை. பூஜ்யம் என்றாலும் சொந்தப் பூஜ்யமாயிற்றே என்று ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டார்.

பசங்களைப் பிடிக்க நேரத்தைக் குறைப்பதுதான் வழி என்று முடிவு செய்தார். அடுத்த வாரம் வரை பொறுக்காமல் உடனே வைத்த அடுத்த தேர்வுக்கு நாற்பது நிமிடத்தைப் பத்தாக்கினார். கேட்டு எழுதவும் நேரம் இருக்காது, கேட்டதைச் சொல்லவும் நேரம் இருக்காது.

மூன்றே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். நாற்பத்தொரு பேர் இருபதுக்கு இருபது. கொட்டாவி பூஜ்யம்.

அன்று மாலை ஒரு பையனின் அப்பா போன் செய்தார். "சார், என் பையன் கணக்குன்னாலே காய்ச்சல்னு படுத்துக்குவான். இப்ப அடுத்த பரீட்சை எப்போன்னு கேக்கறான். உங்களைத் தங்கமானவர்ங்கறான் சார்!"

"தங்கமானவனா? என்னையா?" வாத்தியார் போனைக் கட்டிலில் எறிந்தார். இருபத்தாறு வருடமாகச் சேர்த்த பெயர் இரண்டே நாளில் போயிற்று.

மனைவி தண்ணீர் கொண்டு வந்தாள். "நல்லவர்னுதானேங்க சொல்றாங்க? அதுக்கு ஏன் இப்படிக் கொதிக்கிறீங்க?"

"உனக்குப் புரியாது. கிண்டல் பண்றாங்கடி! ஊரே சேர்ந்து கிண்டல் பண்ணுது!"

மூன்றாவது தேர்வுக்கு அவர் ஒரு காரியம் செய்தார். செய்திருக்கக் கூடாது, ஆனால் செய்தார். தன் கல்லூரிப் புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கி, அதிலிருந்து இருபது கணக்கு எடுத்தார். அதைப் போட்டு முடிக்க அவருக்கே புதன்கிழமை சாயங்காலம் முழுவதும் ஆனது. வியாழக்கிழமை பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் அறையில் ஆளுக்கொரு மூலையாக உட்காரவைத்தார். செல்போன்களைப் பிடுங்கி ஒரு பையில் போட்டார். கம்ப்யூட்டர் மிஸ்ஸை வாசலோடு நிறுத்தினார்.

அறையின் முன்னால் நின்றுகொண்டு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். திரை எதையும் அவர் பார்க்கவில்லை. கண்களைத்தான் பார்த்தார். திருடன் கண்ணில்தான் மாட்டுவான் என்பது அவர் சித்தாந்தம். ஒருவன்கூடத் திரும்பவில்லை. ஒருத்திகூட இருமவில்லை. எல்லாரும் பளிச்சென்ற முகத்தோடு டொக், டொக் என்று தட்டிவிட்டு இரண்டரை நிமிடத்தில் கையைக் கட்டிக்கொண்டார்கள். ஜன்னலோரம் ஒருத்தி மட்டும் காகிதத்தில் என்னவோ போட்டுப் பார்ப்பதும், திரையை முறைப்பதும், கொட்டாவி விடுவதுமாக அரை மணி நேரம் இருந்தாள்.

நாற்பத்தொரு பேர் இருபதுக்கு இருபது. அவள் பூஜ்யம்.

வாத்தியார் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்த இருபது கணக்கையும் மறுபடி போட்டுப் பார்த்தார். ஏழாவது கணக்கில் பேனா நின்றது. விடை பன்னிரண்டு என்று வந்தது. தேர்வில் அவர் சரி என்று வைத்திருந்தது பதினெட்டு.

தப்பு. அவருடைய தப்பு. ஆனால் அவர் ஆடிப்போனது அதற்காக இல்லை. நாற்பத்தொரு பேரும் பதினெட்டு என்று போட்டிருந்தார்கள்!

"என் தப்பு இவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். பிறகு மெல்ல எழுந்தார். ஆகா. விடை வெளியே போயிருக்கிறது. பிள்ளைகள் வெறும் அம்பு. எய்தவர் வேறு. இந்தக் கருவியின் சந்துபொந்தெல்லாம் தெரிந்தவர் பள்ளிக்கூடத்தில் ஒருவர்தான். பத்தாம் வகுப்பு தன் கைக்கு வர வேண்டும் என்று ஆசை இருக்கிறவராகவும் இருக்க வேண்டும். 'நீங்க ரெஸ்ட் எடுக்கலாம் சார்.' ஓகோ!

வெள்ளிக்கிழமை காலை முதல் மணி அடிப்பதற்கு முன் தலைமையாசிரியையின் மேஜையில் நாலு பக்கப் புகார் இருந்தது. கடைசி வரியைச் சிவப்பில் அடிக்கோடிட்டிருந்தார்: 'விடை என் பக்கமிருந்து வெளியானது என்று நிரூபணமானால், பத்தாம் வகுப்பை நானே விட்டுக்கொடுத்துவிடுகிறேன்.'

தலைமையாசிரியை அம்மா அதை இரண்டு முறை படித்தார். பிறகு கம்ப்யூட்டர் மிஸ்ஸையும் அழைத்துக்கொண்டு நேராக வகுப்புக்கே வந்துவிட்டார்.

மிஸ்ஸின் முகம் சிவந்திருந்தது. "மேடம், நான் அந்தக் கேள்வித்தாளைக் கண்ணால பாத்ததே இல்லை. காட்டுங்கன்னு கேட்டதுக்கே சார் சண்டைக்கு வந்தார்."

"ஏன் சார், அதை ஒரு தடவை திறந்து பாத்துடலாமே?" என்றார் தலைமையாசிரியை.

"விசாரணை முடியற வரைக்கும் கேள்வித்தாள் ரகசியம் மேடம். அதுதான் முறை" என்றார் வாத்தியார். பிறகு வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். "கடைசியாக் கேக்கறேன். விடையை உங்களுக்கு யார் குடுத்தது?"

நாற்பத்தொரு தலைகள் குனிந்தன. தலைவன் ஒருமுறை நிமிர்ந்து வாத்தியாரைப் பார்த்தான், மிஸ்ஸைப் பார்த்தான், மறுபடி குனிந்துகொண்டான்.

"சொல்ல மாட்டாங்க மேடம். வாய் வராது. ஆனா இந்த வகுப்புல ஒரே ஒரு யோக்கியமான பிள்ளை இருக்கு." வாத்தியார் ஜன்னல் பக்கம் கையை நீட்டினார். "இங்க வாம்மா."

கொட்டாவி எழுந்து வந்தாள். பாதியில் வந்த கொட்டாவியைத் தலைமையாசிரியைக்காக விழுங்கிக்கொண்டாள்.

"மூணு பரீட்சை மேடம். மூணுலயும் பூஜ்யம். நாலு விடையில ஒண்ணைக் கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டாக்கூட இருபதுக்கு அஞ்சு விழும். அந்த அஞ்சுகூட வேண்டாம்னு இருந்திருக்கா பாருங்க, எவ்வளவு நேர்மை இருக்கணும்!" அவர் சட்டைப் பையிலிருந்து தன் சிவப்புப் பேனாவை எடுத்தார். இருபத்தாறு வருடத்தில் யாருக்கும் இரவல்கூடக் கொடுக்காத பேனா. அதை அவள் கையில் வைத்து அழுத்தினார். "வச்சுக்கோம்மா. இவங்க எல்லாரும் திருட்டு விடையைப் பாத்துப் போட்டப்ப, உனக்கும் அது கிடைச்சிருக்கும். நீ ஏன் அதைத் தொடலைன்னு மேடம்கிட்ட சொல்லு. பயப்படாம சொல்லு. சத்தமா சொல்லு."

அவள் பேனாவையும் வாத்தியாரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் போட்டுப் பாத்தப்பவும் அனேகமா அந்த விடைதான் சார் வந்துச்சு. ஆனா சரியான விடைக்கெல்லாம் பக்கத்துல பச்சை டிக் போட்டுக் குடுக்கற அளவுக்கு நீங்க நல்லவர் இல்லையேன்னுதான் சார், டிக் போட்டதை மட்டும் விட்டுட்டு மத்ததைத் தொட்டேன்."