ஐந்து மூட்டைக் குலுக்கல்

நிகழ்தகவுக் கோட்பாடு மனிதகுல வரலாற்றில் தன் உச்சத்தைத் தொட்ட இடம், புதுச்சத்திரத்தில் உள்ள ஒரு கோழித்தீவன ஆலை. தொட வைத்தவன் நான்.

எனக்கு முன்பு அங்கே மக்காச்சோளத்தைச் சோதித்தவர் சென்னம்மாள். லாரி வந்ததும் கண்ணில் பட்ட மூட்டையில் குத்தூசியைச் செருகுவார். ஈரம் பதினான்கு சதவீதத்தைத் தாண்டினால் லாரி திரும்பிப் போகும். ஈரச் சோளத்தில் பூஞ்சை பிடிக்கும், அதைத் தின்ற கோழி சாகும் என்பது அவர் கட்சி. இதில் 'அறிவியல்' எங்கே? முதலாளி நவநீதகிருஷ்ணன் அல்தாப் ஆகிய என்னை நியமித்தார்.

பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதினேன். இருநூறு மூட்டைகளில் ஐந்தைக் கணினியே குலுக்கி எடுக்கும். மூட்டைகளுக்கு விவசாயிகளே வீட்டில் எண் எழுதி வர வேண்டும் என்று 'சுற்றறிக்கை எண் 1' வெளியிட்டேன்.

ஒரே மாதத்தில் எல்லா லாரியிலும் ஈரம் பன்னிரண்டு! பாடப்புத்தகங்களில் மணிபோல் வளையும் வரைபடம் எங்கள் ஆலையில் ஒற்றைத் தூணாக நிமிர்ந்து நின்றது. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினேன்.

ஒருநாள் சூரமங்கலத்திலிருந்து பேருந்தில் வரும்போது, விவசாயி செங்கோட்டையன் சாலையோரம் ஐந்தே மூட்டைச் சோளத்தைக் காயப்போட்டிருந்ததைப் பார்த்தேன். கையிலிருந்த மொழிபெயர்ப்பு நாவலில் சைபீரியப் பனிப்புயல் உச்சத்தில் இருந்ததால் மேலே யோசிக்கவில்லை.

மறுநாள் அவர் லாரி வந்தது. நான் விசையைத் தட்டுமுன்பே, "ஏழு, அம்பத்திரண்டு, நூத்திப் பதினெட்டு, நூத்தி நாப்பது, நூத்தித் தொண்ணூறு. செரிதானுங்க சார்?" என்றார்.

திரையிலும் அதே ஐந்து. எனக்கு மெய்சிலிர்த்தது. "எப்படிங்க?"

"தெனமும் அதானுங்களே! அதுகள மட்டும் நல்லாக் காயவெச்சுக் கொண்டாந்தேன். உங்களுக்கு எதுக்குங்க வீண் செரமம்?"

ஓரமாகச் சாக்குத் தைத்துக்கொண்டிருந்த சென்னம்மாள் தலை நிமிரவில்லை. "ஏஞ்சாமி, எடப்பாடி வரைக்கும் தெரிஞ்சது உனக்குத் தெரியாதா?"

அப்போது முதலாளியின் அழைப்பு வந்தது. "அல்தாப்பு! பண்ணைல நாலாயிரம் கோழி போச்சுய்யா! தீவனம் பூராப் பூஞ்சை!"

உடனே 'விசாரணைக் குழு' அமைத்தேன். உறுப்பினர் நான் ஒருவனே. குழு கண்டறிந்தது: குலுக்கல் எப்போதும் ஒரே எண்ணிலிருந்து தொடங்கும்படி, இணையப் பாடத்தில் இருந்த ஒரு வரியை அப்படியே எழுதியிருக்கிறேன். அதனால்தான் தினமும் அதே ஐந்து மூட்டை. பாடத்தில் காட்டிய விடையே என் திரையிலும் வந்தபோது, என் திறமையை நினைத்து அன்று கண்கலங்கியதும் நினைவுக்கு வந்தது.

அறிக்கையின் கடைசி வரி: "இந்த ஆலையில் உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கி எடுக்கப்பட்டது ஒன்றே ஒன்று. அது நான்."