மாய்ச்சர் அண்ணன் போட்ட ஓட்டை

மழையைத் திட்டுகிறவர்கள் திருப்பூரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் மழையோடு நேருக்கு நேர் பங்காளிச் சண்டை போட்டவர் மாய்ச்சர் அண்ணன் ஒருவர்தான். வானம் கறுத்தால் அவர் முகம் அதைவிடக் கறுக்கும். முதல் தூறல் கம்பெனியின் தகரக் கூரையில் விழுந்ததும் ஜன்னலண்டை போய், "வந்துட்டயா? வா. உள்ள மட்டும் கால வெச்சுப் பாரு" என்பார். மழை பயந்ததா என்று தெரியாது. நாங்கள் பயந்தோம்.

வேலம்பாளையத்தில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் அவர் பேக்கிங் இன்சார்ஜ். மடித்த டி-ஷர்ட்டில் துளி ஈரம் மிச்சமிருந்தாலும் பெட்டிக்குள் பூஞ்சை பிடித்துவிடும். இங்கே வெள்ளைச் சட்டையாக ஏறியது அங்கே புள்ளிச் சட்டையாக இறங்கும். அதனால் ஈரத்தை அளப்பதற்கென்றே மாய்ஸ்சர் மீட்டர் என்று ஒரு கருவி உண்டு. அண்ணன் வாயில் அது 'மாய்ச்சர்' ஆனது. நாளடைவில் அவருக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் அவரை 'மிக்சர் பாய்' என்றார்கள். அவர்களில் ஒருவர் முதல் நாளே அவரிடம் போய் ஒரு பொட்டலம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மீட்டரைத் துணியில் வைப்பதோடு அண்ணன் நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. சுவரில் வைப்பார், நாற்காலியில் வைப்பார். கேன்டீன் உப்புமாவில் ஒருநாள் வைத்துப் பார்த்துவிட்டு, "இது பேக்கிங்குக்கு ஆகாதுங்க" என்று தட்டைத் திருப்பிக் கொடுத்தார். வெளிநாட்டிலிருந்து ஆடிட்டுக்கு வந்த வெள்ளைக்காரர் கை குலுக்கியபோது, அந்தக் கை கொஞ்சம் பிசுபிசுப்பாக இருந்திருக்கிறது. அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு சிலிக்கா ஜெல் பாக்கெட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். ஈரத்தை உறிஞ்சுவதற்காக நாங்கள் பெட்டிக்குள் போடுகிற அந்தப் பாக்கெட்டை, ஏதோ கோயில் பிரசாதம் என்று நினைத்து அவர் பக்தியோடு வாங்கிக்கொண்டார்.

இந்த மனிதரிடம் நான் எப்படிப் பிழைத்திருக்க முடியும்? எனக்கு உடம்பு பெரிது, வியர்வை அதைவிடப் பெரிது. ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சன்டைசர் என்ற முறையில் பேக்கிங் அறைக்குள் முதல்முறை காலெடுத்து வைத்தேன். மீட்டர் என் தோளில் அழுந்தியது. 'பீப்' என்று அது அலறிய சத்தத்தில் இஸ்திரி போடுகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தம்பீ, நீங்க அக்கட்டால நின்னே பேசுங்க. உங்களாட்ட ஒருத்தரு உள்ள வந்தா லோடு மொத்தமும் நனஞ்சு போயிருமுங்க."

அன்றிலிருந்து எனக்கும் பேக்கிங்குக்கும் ஜன்னல் வழியாகத்தான் பேச்சு. வயிற்றெரிச்சலில் கேன்டீனில், "நெஞ்சுல ஈரமே இல்லாத மனுஷன்யா" என்று சொல்லிவிட்டேன். அது அவர் காதுக்குப் போய்விட்டது. தொலைந்தோம் என்று நான் ஒளிந்து திரிய, அவர் தேடி வந்து, "நல்ல வார்த்த சொன்னீங்களாமா. ரொம்ப சந்தோசமுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

இப்படி இருக்கையில்தான் எங்கள் சின்ன முதலாளி கொச்சியிலிருந்து லாரியில் ஒரு பாய்மரப் படகைக் கொண்டுவந்து இறக்கினார். அங்கே யாரோ அவரை ஒரு மாலை படகில் ஏற்றி உலாவவிட்டிருக்கிறார்கள். மனிதர் சொக்கிப்போய்ப் பழைய படகு ஒன்றை வாங்கிவிட்டார். கம்பெனியே கூடி நின்று பார்த்தது.

"ஏனுங்ணா, கடலு எங்கீங்க?" என்றார் வாட்ச்மேன்.

"கொளம் இருக்குதில்ல" என்றார் முதலாளி.

மழை பெய்து குளம் நிரம்பட்டும் என்று படகைக் கம்பெனிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள். முதலாளி மாய்ச்சர் அண்ணனை அழைத்தார். "அண்ணா, இந்தப் பலகைக்குக் கீழ பாருங்க. படகோட அடிவயிறு. பில்ஜ்ம்பாங்க. எப்படியும் இதுல தண்ணி சேந்துரும். சேரவே விடக் கூடாது, எப்பவும் காஞ்சு கெடக்கோணும். படகு வெச்சிருக்கறவனுக்கு மொதப் பாடமே இதுதான். நீங்கதான் பாத்துக்கோணும்."

பிறவிப் பயனை அடைந்தவர் முகம் எப்படியிருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். "சுக்காட்டம் வெச்சுக்கறனுங்க" என்றார் அண்ணன். முதலாளி ஏதோ கண்காட்சிக்கு வெளிநாடு போய்விட்டார்.

மழை வந்தது. படகின் அடிவயிற்றில் தண்ணீர் நின்றது. அண்ணன் மொண்டு ஊற்றினார். மிச்சத்தைப் பனியன் வேஸ்ட் துணி போட்டு ஒற்றி எடுத்தார். ஒற்றிய இடத்தில் ஒயரை இழுத்துவந்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தார். ஒரு படகு அயர்ன் செய்யப்பட்டது உலகத்திலேயே எங்கள் கம்பெனியில்தான் இருக்கும். தேய்த்து முடிப்பதற்குள் அடுத்த மழை வந்தது. மூடிய தார்ப்பாயைக் காற்று பக்கத்துக் கம்பெனியில் கொண்டுபோய்ப் போட்டது.

அப்போதுதான் டெங்கு சோதனைக்கு ஆட்கள் வந்தார்கள். டயர், தேங்காய்த் தொட்டி, உடைந்த பக்கெட் என்று தேடிவந்த அம்மா, படகுக்குள் டார்ச் அடித்தார். உள்ளே கொசுப்புழு துள்ளி விளையாடியது.

"என்னங்க இது?"

"படகுங்க."

"படகு தண்ணிக்குள்ள கெடந்து பாத்திருக்கறேன். இங்க தண்ணி படகுக்குள்ள கெடக்குது! அடுத்த தடவ இப்படி இருந்துச்சுன்னா அபராதம்தானுங்க."

மாய்ச்சர் அண்ணனை ஈரத்துக்காக ஒருவர் கண்டித்துவிட்டார்! அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலை மெயின்டனன்ஸிலிருந்து டிரில்லிங் மிஷினை வாங்கிக்கொண்டு போனார். படகின் அடியிலே, மிகத் தாழ்ந்த இடமாகப் பார்த்து, கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை போட்டார்.

"தண்ணின்னா கீழ போறதுதானுங்க? போறதுக்கு ஒரு வழிய உட்டுட்டா நிக்குமா? இத ரோசன பண்ணாம இத்தன நாளு மொண்டுட்டு இருந்தம் பாருங்க" என்றார்.

அடுத்த மழை படகில் விழுந்தது. ஓட்டை வழியாக இறங்கி வேப்பமரத்து வேருக்குப் போய்ச் சேர்ந்தது. அடிவயிறு காய்ந்து கிடந்தது. மறுபடி வந்த டெங்கு அம்மா அண்ணனைப் பாராட்டிவிட்டுப் போனார். நாங்களும் பாராட்டினோம், மிஷினைக் கொடுத்த மெக்கானிக் உட்பட. எங்கள் பெட்டியெல்லாம் கப்பலில்தான் போகிறது. கப்பல் எப்படி மிதக்கிறது என்று எங்களில் யார் யோசித்தோம்?

குளம் நிரம்பியது. முதலாளி திரும்பி வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, படகைக் குளத்தில் இறக்கப் போவதாக அவரிடமிருந்து எனக்கு போன் வந்தது. காற்றுக்குப் படகு சாயாமல் இருக்க ஓரத்தில் கனமான ஆள் ஒருவர் உட்கார வேண்டுமாம். கம்பெனியில் கனமான ஆள் யார் என்பதில் இரண்டு கருத்து இல்லை.

நான் பயந்தவன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. லிஃப்டில் ஏறினாலே சாமி கும்பிடுகிறவன். குளக்கரையில் நின்று, "நீச்சல் தெரியாதுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"அட, பயப்படாதீங்க. லைஃப் ஜாக்கெட் புதுசாவே வாங்கி வெச்சிருக்கறேன். ஏனுங்ணா, இருக்குதில்ல?"

"பொட்டீல பத்திரமா இருக்குதுங்க" என்றார் மாய்ச்சர் அண்ணன்.

"பில்ஜ்?"

"ஒரு சொட்டு இல்லீங்க. வேணுமின்னா மீட்டர் வெச்சுக் காட்டறனுங்க."

பில்ஜுக்குப் பொறுப்பானவர் என்பதால் அவரும் ஏறினார். கையில் மீட்டர், மடியில் டிபன் போசி, பாலிதீன் கவருக்குள் மடித்து ஒட்டிய ஒரு துண்டு. சுற்றிலும் தண்ணீரைப் பார்த்ததும் ஒரு கையால் படகின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் நீச்சல் தெரியாது என்று அப்போதுதான் புரிந்தது.

பாய் காற்றைப் பிடித்தது. கரை எங்களை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் விரல் அளவுக்குச் சிறுத்துப் போனார். நடுக்குளத்துக்கு வந்திருப்போம், என் பாதத்தில் சில்லென்று ஏதோ பட்டது.

"அண்ணா, காலு நனையுதுங்க."

"உங்களுக்கு வேர்க்குதுங்க தம்பி."

என் வியர்வையை நான் அறிவேன். அது கணுக்காலுக்கு ஏறாது. "அண்ணா!" என்று கத்தினேன். அவர் சலிப்போடு குனிந்து மீட்டரைப் பலகையில் வைத்தார். அது விடாமல் கூவிவிட்டு, பிறகு சத்தமே இல்லாமல் அடங்கியது. பலகை மிதக்கத் தொடங்கியிருந்தது. அதை நகர்த்திப் பார்த்தவருக்கு முகத்தில் ரத்தமில்லை.

"மொதலாளி... தண்ணி மேல வருதுங்க."

"எங்கிருந்து?"

"ஓட்டைலிருந்துங்க."

"எந்த ஓட்டை?"

"நான் போட்டதுங்க. கீழ போறதுக்குத்தானுங்க போட்டேன். மேல வருமுன்னு..."

முதலாளி பிடித்திருந்த பாய்க்கயிற்றை விட்டார். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது, படகு சுற்றியது. "லைஃப் ஜாக்கெட்ட எடுங்க! பொட்டி எங்க?"

"கோடவுன்லீங்க. ஈரம் பட்டுருமுன்னு டேப்பு ஒட்டி வெச்சிருக்கறனுங்க."

அதன்பிறகு நான் கூப்பிடாத தெய்வமில்லை. என் மகள் அன்று காலை பூரி கேட்டிருந்தாள், வந்து மாவு பிசைகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். அந்தப் பூரி மட்டும்தான் மண்டைக்குள் சுற்றியது. செத்துப்போய்விடுவேன் என்று உறுதியாக நம்பினேன். இப்போது எழுதும்போதும் கை லேசாக ஈரமாகிறது.

மாய்ச்சர் அண்ணன் முதலில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளை ஓட்டையில் திணித்தார். ஒரு குளத்தை உறிஞ்சச் சொன்னால் அவை என்ன செய்யும்? பிறகு சட்டையைக் கழற்றி, பனியனைக் கழற்றி, சுருட்டி அடைத்தார். தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு வந்தது. மறுபடி அடைத்தார். பிறகு, கைக்குட்டை நனைந்தால்கூட முகம் சுளிக்கிற அந்த மனிதர், அந்தப் பச்சைத் தண்ணீருக்குள் வேட்டியோடு சப்பென்று ஓட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். இடுப்பு வரைக்கும் தண்ணீர். பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன.

"தம்பீ, என்ற போசிய எடுங்க. மொண்டு ஊத்துங்க, வெசயா!"

மொண்டேன். ஊற்றினேன். முதலாளி மிதந்த பலகையைத் துடுப்பாக்கித் தள்ளினார். கொஞ்ச நேரத்தில் என் கை நின்றுவிட்டது. களைப்பில்லை, பயம். கரையைப் பார்த்தேன், அது கிட்டே வருவதாகவே தெரியவில்லை. போசியைப் பிடித்தபடி அழத் தொடங்கினேன்.

அண்ணன் இருந்த இடத்திலிருந்தே என் முழங்கையைப் பிடித்தார்.

"எனக்கும் பயமாத்தானுங்க தம்பி இருக்குது. பயந்துட்டே மொள்ளலாமுங்க. ஒண்ணும் தப்பில்ல. மொள்ளுங்க சாமி."

பயந்துகொண்டே மொண்டேன். இருவரும் சேர்ந்தே பயந்தோம், அவர் உட்கார்ந்தபடி, நான் குனிந்தபடி. படகு ஒருவழியாகக் கரையோரச் சேற்றில் முட்டி நின்றது.

முதலாளி குதித்து இறங்கினார். முழங்கால் தண்ணீர்தான். "எந்திரிங்கண்ணா, வந்தாச்சு" என்றார்.

"தம்பி மொதல்ல எறங்கட்டுங்க. நான் எந்திரிச்சா தண்ணி உள்ள வந்துரும்."

"அண்ணா, இங்க முழங்காலுக்குத்தான் இருக்குது!"

"இருக்கட்டுங்க. அவருக்கு நீச்சல் தெரியாதுங்க."

நான் சேற்றில் தடுமாறிக் கரையேறி, ரெண்டு காலும் மண்ணில் பட்டுத் திரும்பிப் பார்த்த பிறகுதான் அவர் எழுந்தார். படகு அப்படியே உட்கார்ந்துகொண்டது.

வேட்டியிலிருந்து தண்ணீர் ஊற்ற ஊற்ற அண்ணன் கரைக்கு வந்தார். பாலிதீன் கவரைப் பல்லால் கிழித்து, அந்த உலகத்திலேயே நனையாமல் மிஞ்சியிருந்த ஒரே பொருளான துண்டை எடுத்தார். அவர் துடைத்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். என்னை உட்காரச் சொல்லி என் தலையைத் துவட்டினார். மீட்டர் செத்துவிட்டதால் புறங்கையை என் பிடரியில் வைத்துப் பார்த்தார். திருப்தியில்லை, இன்னொரு முறை துவட்டினார். "மண்டைல ஈரம் நின்னா சீக்கு வந்துருமுங்க" என்று முணுமுணுத்தார். அவர் தலையிலிருந்து சொட்டிய தண்ணீர் என் தோளில் விழுந்துகொண்டிருந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

அந்தப் படகு இப்போது கம்பெனி வாசலில் மண் நிரப்பி, கறிவேப்பிலையும் செம்பருத்தியுமாக நிற்கிறது. அடியில் ஓட்டை இருப்பதால் தண்ணீர் தேங்குவதில்லை, செடி நன்றாக வருகிறது. நான் வெள்ளகோவில் பக்கம் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டேன். ஆனாலும் எந்த ஊரில் மேகம் கூடினாலும் என் போன் அடித்துவிடும்.

"ஏனுங்க தம்பி, அங்க மழையாமா. தலயத் தொவட்டிட்டீங்களா?"

பெரும்பாலும் நான் ஃபேனுக்கு அடியில், ஒரு துளி படாமல் உட்கார்ந்திருப்பேன். "தொவட்டிட்டனுங்கண்ணா" என்பேன். அவரிடம் பொய் சொல்ல மனசு வராமல், போனை வைத்ததும் கைக்குட்டையை எடுத்துக் காய்ந்த தலையை நன்றாக ஒருமுறை துவட்டிக்கொள்வேன்.